கைப்பிடிச்சுவர் இல்லாத வீடு

தியானப் பகுதி: உபாகமம் 22:8; எரேமியா 35; ரோமர் 14



நம் சபைகளில் வீட்டுப் பிரதிஷ்டை ஆராதனைகள் பெருகியிருக்கின்றன. வாடகை வீடுகளில் பிள்ளைகளை வளர்த்து, ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்து, வங்கிக் கடனும் வாங்கி, தங்களுக்கென்று ஒரு கூரையை எழுப்பிய குடும்பங்களோடு சேர்ந்து நாமும் களிகூருகிறோம். ஆனால் அந்தப் புது வீடுகளின் வரைபடங்களில் அண்மை ஆண்டுகளாக ஒரு புதிய மூலை தோன்றியிருக்கிறது. கட்டடக் கலைஞர் அதை 'பார் யூனிட்' என்று குறிக்கிறார். முந்திய தலைமுறை வீடு கட்டும்போது ஜெப அறை கிழக்கிலா மேற்கிலா என்று கலந்து பேசியது. இந்தத் தலைமுறை, பார் கவுண்டர் படிக்கட்டுக்குக் கீழே அமைய வேண்டுமா, வரவேற்பறை மூலையிலா, மொட்டை மாடியிலா என்று கலந்து பேசுகிறது.

பேச்செல்லாம் 'எப்படி' என்பதைப் பற்றியே நடக்கிறது. மேல்தளம் கிரானைட்டா, தேக்கா? உயர நாற்காலி மூன்றா, நான்கா? சிறு குளிர்பெட்டி உள்ளே அடங்குமா? 'வேண்டுமா' என்ற கேள்வியோ எவர் வாயிலும் பிறக்காமலே கடந்துபோய்விட்டது. கேட்கப்படாத அந்தக் கேள்வியை இந்த வாரம் கேட்போம்.

பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துவின் நாமம் தரிக்கப்பட்ட ஒரு வீட்டில் மதுக்கூடத்திற்கு இடமில்லை. அலமாரி அழகாயிருந்தாலும் இல்லை. அளவோடு அருந்துவோம் என்று உறுதி கூறினாலும் இல்லை. விருந்தினருக்காக மட்டுமே என்று சொன்னாலும் இல்லை. திராட்சரசம் என்ற பொருளே தீட்டானது என்று வேதம் சொல்வதால் அல்ல; வேதம் அப்படிச் சொல்லவில்லை. வீடு யாருக்காகக் கட்டப்படுகிறது என்பதைப் பற்றி வேதம் மிகத் தெளிவாகச் சொல்லியிருப்பதால்தான் இந்தப் பதில்.

வீடு கட்டுகிறவனுக்கு ஒரு கட்டளை

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிற இஸ்ரவேலன் தன் மேல்மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, ஒருவன் அங்கிருந்து விழுந்துவிட்டால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும்.

அந்நாளைய வீடுகளின் கூரை தட்டையானது. அது வெறும் கூரையாக மட்டும் இருக்கவில்லை. வாழும் இடமாகவும் இருந்தது. ராகாப் சணல் தட்டைகளைப் பரப்பி வேவுகாரரை மறைத்தது மேல்மாடியில். பேதுரு ஜெபிக்க ஏறியதும் மேல்மாடிக்கே. வீட்டுக்காரனுக்குத் தன் மாடியின் விளிம்பு எங்கே முடிகிறது என்று இருட்டிலும் தெரியும். வந்த விருந்தினனுக்குத் தெரியாது. ஓடி விளையாடும் குழந்தைக்குத் தெரியாது.

'விழாதே' என்று விருந்தினனுக்குக் கர்த்தர் கட்டளை கொடுத்திருக்கலாம். 'கவனமாய் நட' என்று குழந்தைக்குச் சொல்லியிருக்கலாம். அவர் பேசியதோ வீடு கட்டுகிறவனோடு. விழுகிறவன் தன் அஜாக்கிரதையினாலேயே விழுந்தாலும், சுவர் எழுப்பாதவனிடமே கணக்குக் கேட்கிறார். 'நான் விழமாட்டேன்' என்பது அவருடைய சந்நிதியில் செல்லுபடியாகும் பதில் அல்ல. உன் வீட்டுக்கு வருகிறவன் விழுவானா என்பதே அவருடைய கேள்வி.

வீட்டில் பார் வைப்பதைப் பற்றிப் பேசுகிற விசுவாசிகள் ஏறக்குறைய அனைவரும் தங்களைப் பற்றியே பேசுகிறார்கள். 'எனக்குக் கட்டுப்பாடு உண்டு', 'நான் வாரம் ஒரு நாள்தான்', 'எனக்கு அது அடிமைத்தனம் அல்ல.' இருக்கட்டும். உங்கள் கால் உறுதியானது என்றே வைத்துக்கொள்வோம். கைப்பிடிச்சுவர் உங்களுக்காகக் கட்டப்படுவதல்லவே!

வடிவமைப்பாளர் கேட்கும் கேள்விகள்

இன்டீரியர் டிசைனர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் சற்று நிதானமாகக் கவனியுங்கள். அவர் அறியாமலே அவர் உங்கள் ஆத்துமாவைப் பற்றி விசாரிக்கிறார்.

'எந்த இடத்தில்?' என்று கேட்கிறார். யார் கண்ணில் படவேண்டும், யார் கண்ணில் படக்கூடாது என்பதே அதன் பொருள். வரவேற்பறையில் வைத்தால் உங்கள் பிள்ளை நாள்தோறும் அதைக் கடந்து பள்ளிக்குப் போகும். மொட்டை மாடியில் வைத்தால் எவரிடமிருந்து மறைக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். போதகர் வரும் நாளில் திரை இழுத்து மூடத்தக்க இடமாகப் பார்க்கிறவர்களும் உண்டு. போதகருக்கு மறைத்துக் கர்த்தருக்குக் காட்டுகிறவன் எவ்வளவு பெரிய மூடன்!

'கண்ணாடிக் கதவா? உள்ளே எல்.இ.டி. விளக்கா?' என்று கேட்கிறார். மது கிண்ணத்தில் நிறம் காட்டி மின்னும் அழகை நோக்கவே வேண்டாம் என்று நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. சாலொமோன் பார்க்காதே என்றதைப் பார்க்கவைப்பதற்காகவே அந்த விளக்கு. ஒரு வீட்டில் எதன்மேல் வெளிச்சம் போடுகிறோமோ அதையே அந்த வீடு கனப்படுத்துகிறது. வேதப்புத்தகம் தொலைக்காட்சிக்கு அருகே தூசி படிந்து கிடக்க, புட்டிகளுக்கு விளக்கு எரியும் வீட்டில் எது பலிபீடம் என்று குழந்தைக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'நாற்காலிகள் எத்தனை?' என்று கேட்கிறார். எத்தனை பேரை அந்த விளிம்புக்கு அழைக்கப்போகிறீர்கள் என்பதே அதன் பொருள். அயலானுக்குக் குடிக்கக் கொடுத்து அவனை வெறிக்கச் செய்கிறவனுக்கு ஆபகூக் தீர்க்கதரிசி ஐயோ என்கிறான். குடிப்பவனைப் பற்றி எத்தனையோ வசனங்கள் உண்டு. இது ஊற்றிக்கொடுப்பவனைப் பற்றியது.

கடைசியாக, 'பூட்டு வேண்டுமா?' என்று கேட்கிறார். வேண்டும் என்பீர்கள். மாடுலர் கிச்சனுக்குப் பூட்டுக் கேட்காத நீங்கள், புத்தக அலமாரிக்குப் பூட்டுக் கேட்காத நீங்கள், இதற்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? வீட்டில் விழக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதால்தான். அந்தச் சிறு பூட்டே உங்களுக்கு எதிரான சாட்சி. மாடிக்கு விளிம்பு உண்டு என்று அறிந்தவன், சுவருக்குப் பதிலாக ஒரு நூலைக் கட்டிவைத்தது போலாகும் அது.

அரசாங்கத்தின் கடைக்கே எல்லை உண்டு

டாஸ்மாக் கடையை நாம் எல்லாரும் கண்டிக்கிறோம். கண்டிக்கத்தக்கதே. ஆனால் அந்தக் கடைக்கும் அரசாங்கம் சில எல்லைகளை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனைக்கான 2003-ஆம் ஆண்டு விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத்தலத்திற்கும் பள்ளிக்கும் 50 மீட்டருக்குள், மற்றப் பகுதிகளில் 100 மீட்டருக்குள் மதுக்கடை இருத்தலாகாது. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. சிற்றூர்களுக்கு அது பின்னர் 220 மீட்டராயிற்று. 21 வயது நிரம்பாதவனுக்கு விற்கக்கூடாது. இரவு 10 மணிக்குக் கடையை மூடவேண்டும். காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் திறக்கவே கூடாது.

இப்போது உங்கள் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். குடும்ப ஜெபம் நடக்கும் கூடத்திற்கும் அந்தக் கவுண்டருக்கும் இடையே எத்தனை அடி? பிள்ளையின் படிப்பு மேசைக்கும் அதற்கும் எத்தனை அடி? அங்கே வயது கேட்பவர் யார்? கதவடைக்கும் நேரம் எது? ஓய்ந்திருக்கும் நாள் எது? பரிசுத்த ஓய்வுநாளில் ஆராதனை முடிந்து திரும்பும் மதியவேளையிலும் அது திறந்தே இருக்கும். தேவபயமில்லாதது என்று நாம் குறைகூறும் அரசாங்கம் ஆலயத்திற்கும் மதுவுக்கும் நடுவே வைத்திருக்கும் இடைவெளியைக்கூட, தேவனுடைய பிள்ளை தன் சொந்த வீட்டில் வைக்கமறுப்பது எவ்வளவு வெட்கக்கேடு!

'கடையில் போய்க் குடித்துவிட்டு வழியில் விழுவதைவிட வீட்டில் குடிப்பது பாதுகாப்பல்லவா?' என்று சிலர் கேட்கிறார்கள். வேதத்தில் முதன்முதலாக வெறிகொண்டவன் எங்கே விழுந்தான் என்று ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசியுங்கள். நோவா சத்திரத்தில் விழவில்லை, சந்தையிலும் விழவில்லை. தன் சொந்தக் கூடாரத்துக்குள்ளே, தன் சொந்தத் தோட்டத்தின் ரசத்தைக் குடித்து, வஸ்திரம் விலகிக் கிடந்தான். ஜலப்பிரளயத்தைத் தப்பியவன், தேவனோடு சஞ்சரித்த நீதிமான், தன் வீட்டுக்குள் தவறினான். அதைக் கண்டவன் அந்நியன் அல்ல, பெற்ற மகன். சாபம் போய் விழுந்ததோ பேரன்மேல். வீடு பாதுகாப்பான இடம் என்பது குடிக்கிறவனுடைய கணக்கு. வீட்டுக்குள் நேரிடும் வீழ்ச்சியைப் பிள்ளைகளே பார்க்கிறார்கள். அதன் கூலியையும் அவர்களே செலுத்துகிறார்கள்.

இரண்டு முனைகள்

1935-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் நகரத்து மேஃப்ளவர் விடுதியின் முன்கூடத்தில் ஒரு மனிதன் தனியாக நின்றுகொண்டிருந்தான். நியூயார்க்கிலிருந்து வந்த பங்குத் தரகன். பெயர் பில் வில்சன். குடியினால் சீரழிந்து, மதுவை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. நம்பி வந்த வியாபாரம் கைகூடவில்லை. கூடத்தின் ஒரு முனையில் விடுதியின் மதுக்கூடம். அங்கிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்டன. மறுமுனையில் ஒரு தொலைபேசியும், அந்நகரத்துச் சபைகளின் பட்டியலும் இருந்தன. அவன் தொலைபேசியின் பக்கம் திரும்பினான். ஒரு போதகரை அழைத்தான். அந்த அழைப்பின் வழியாக, மறுநாள் அவனைப் போலவே குடியோடு போராடிக்கொண்டிருந்த மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தான். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்ததே இன்று உலகெங்கும், நம் தமிழ்நாட்டிலும், எண்ணற்ற குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம்.

பிரியமானவர்களே, அந்த முன்கூடத்தில் இரண்டு முனைகள் இருந்தன. உங்கள் வீடு எந்த முனை?

நம் சபையின் இருக்கைகளில் ஞாயிறுதோறும் அப்படிப்பட்ட மனிதர்கள் அமர்ந்திருக்கிறார்கள். குடியை விட்டு எட்டு மாதம் ஆனவன். மூன்று வாரம் ஆனவன். நேற்று மறுபடி விழுந்து இன்று கண்ணீரோடு வந்தவன். அவர்கள் தங்கள் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்திற்கு அழைப்பு விடுக்கிறீர்கள். அவன் வருகிறான். பாடல் நடக்கிறது, ஜெபம் நடக்கிறது. அவன் கண்ணெதிரே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. அன்றிரவு அவன் எந்த வழியாய் வீடு திரும்புவான் என்று நீங்கள் அறியமாட்டீர்கள். அவன் மனைவி அறிவாள்.

கிறிஸ்து எவனுக்காக மரித்தாரோ அவனை உன் போஜனத்தினாலே கெடுத்துப்போடலாகாது என்பது ரோமர் 14-இல் பவுல் நடத்தும் வாதம். அங்கே அவன் உண்ணும் உரிமையை மறுக்கவில்லை. உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகே, சகோதரன் இடறுவானானால் அந்த உரிமையை விட்டுவிடு என்கிறான். விடத்தக்க உரிமையை விடமாட்டேன் என்பவன் இன்னும் அன்பில் நடக்கத் தொடங்கவில்லை.

ஏழையின் கடை, செல்வந்தனின் மூலை

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. இது சிலருக்குக் கசக்கும்.

2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்திவருகிறது. அன்றுமுதல் நம் சபைகள் எத்தனை உபவாச ஜெபங்கள் நடத்தியிருக்கின்றன! 2015 ஜூலை மாதத்தில், கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிர் துறந்தபோது நாம் அவரைப் புகழ்ந்தோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது பிரசங்கபீடங்களிலிருந்து அழுதோம். கூலித்தொழிலாளி மாலையில் கடையின் கம்பிவலைக்கு முன் நிற்பதைக் கண்டால் 'குடிகாரன்' என்கிறோம். அவனை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தும்போது முதல் கேள்வியே 'குடியை விட்டாயா?' என்பதுதான்.

ஆனால் அதே பொருள், பல மடங்கு விலையில், விமான நிலையக் கடையின் உறையோடு ஒரு செல்வந்தனின் வரவேற்பறையில் வந்து அமர்ந்துவிட்டால், அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'இன்டீரியர்'. கூலிக்காரன் குடித்தால் பாவம். கமிட்டி உறுப்பினர் குடித்தால் கலாச்சாரம். மூப்பன் மதுபானப்பிரியனாயிருக்கலாகாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதியதை, காணிக்கைப் புத்தகத்தைப் பார்த்துத் தளர்த்திக்கொள்ள எவருக்கு அதிகாரம்? பட்சபாதம் பாவம் என்று யாக்கோபு எழுதினான். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கை கொடுப்பது மட்டுமல்ல, அவனுடைய புட்டிக்கு நல்ல பெயர் கொடுப்பதும் பட்சபாதமே.

டாஸ்மாக்கை மூடு என்று தெருவில் ஜெபித்துவிட்டு, வீட்டில் ஒரு கிளையைத் திறக்கிறவனுடைய ஜெபம் கூரையைத் தாண்டுமா?

சொல்லப்படும் சாக்குகள்

'இயேசு கானாவூரில் தண்ணீரைத் திராட்சரசமாக்கினாரே!' ஆம், ஆக்கினார். அவர் அதைச் செய்தது, ஒரு கலியாண வீட்டின் வெட்கத்தை மூடுவதற்காக. தம்முடைய மகிமையை வெளிப்படுத்துவதற்காக. ஊர் கூடிய விருந்தின் ஒரு நாள் அது. அந்த ஆறு கற்சாடிகளைக் காட்டி, ஆண்டு முழுதும் வற்றாத ஓர் அலமாரியை நியாயப்படுத்த முடியாது. மேலும், பழங்காலத்துக் கிரேக்க ரோம உலகில் ரசத்தோடு தண்ணீர் கலந்து அருந்துவதே பொது வழக்கம். உங்கள் அலமாரியில் இருக்கப்போகும் விஸ்கியும் பிராந்தியும் காய்ச்சி வடிக்கப்பட்டவை. நம் நாட்டில் தயாராகும் அவ்வகை மதுவில் பொதுவாக 42.8 விழுக்காடு ஆல்கஹால். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது நேர்மையான வேதவியாக்கியானம் அல்ல.

'பவுல் தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் ரசம் கொள்ளச் சொன்னானே!' அது நோயாளிக்குச் சொன்னது. அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம்: பவுல் சொல்லும்வரை தீமோத்தேயு தண்ணீர் மட்டுமே அருந்திக்கொண்டிருந்தான். மருந்துக்காக ஒரு சிறு புட்டி போதும். நான்கு உயர நாற்காலிகள் வேண்டியதில்லை.

'அளவோடு குடித்தால் உடலுக்கு நல்லது.' அந்தக் காலம் முடிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. உடல்நலத்துக்குக் கேடில்லாத மதுவின் அளவு என்று ஒன்று இல்லை என்று 2023 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது.

'நான் தொடுவதில்லை, தொழில் நண்பர்களுக்காகத்தான்.' எல்லாச் சாக்குகளிலும் இதுவே பெரியது. மற்றவர்கள் தாங்கள் விழும் அபாயத்தையாவது ஏற்கிறார்கள். இவரோ சுவரோரம் பத்திரமாக நின்றுகொண்டு, விருந்தினரை விளிம்புக்கு அனுப்புகிறார். அதன்பின் கார் சாவியையும் அவர்கள் கையில் கொடுத்து, 'பார்த்துப் போங்கள்' என்று வழியனுப்புகிறார்.

திருச்சபையின் சரித்திரத்தில் ஒரு சிறு காரியத்தை இவர்கள் முன் வைக்கிறேன். 1869-இல் அமெரிக்காவின் வைன்லாந்து என்னும் ஊரில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர், திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாக்கும் முறையைக் கைக்கொண்டார். கடைச்சரக்குக்காக அவர் அதைத் தொடங்கவில்லை. கர்த்தருடைய பந்திக்காகவே தொடங்கினார். காலப்போக்கில் உலகின் பல சபைகள், நம்மில் பலருடைய சபைகளும், திருவிருந்துக் கிண்ணத்தில் புளிக்காத ரசத்தையே வைக்கலாயின. பலவீனமான ஒரு சகோதரனுக்காகச் சபை கர்த்தருடைய பந்தியின் கிண்ணத்தையே மாற்றிக்கொண்டது. நீங்கள் ஒரு வரவேற்பறை மூலையை மாற்றிக்கொள்ள மாட்டீர்களா?

ஒரு தகப்பன் விட்டுச்சென்றது

எரேமியா 35-இல் ரேகாபியரின் வீட்டாரைச் சந்திக்கிறோம். நேபுகாத்நேச்சாரின் சேனைக்குத் தப்பி எருசலேமுக்குள் வந்திருந்த அகதிகள் அவர்கள். தீர்க்கதரிசி அவர்களைக் கர்த்தருடைய ஆலயத்தின் அறைக்குள் அழைத்துவந்து, ரசம் நிறைந்த குடங்களையும் கிண்ணங்களையும் முன்வைத்துக் குடிக்கச் சொல்கிறான். இடம் ஆலயம், உபசரிப்பவர் தீர்க்கதரிசி, அவர்களோ பரதேசிகள். இவ்வளவு மரியாதையான அழைப்பு எவனுக்கும் கிடைத்திராது. அவர்கள் மறுத்தார்கள். எங்கள் தகப்பன் யோனதாப் வேண்டாம் என்றார் என்பதே அவர்கள் சொன்ன காரணம். அந்த யோனதாப் யெகூவின் இரதத்தில் ஏறிய காலத்திலிருந்து கணக்கிட்டால் 200 ஆண்டுகளுக்குமேல் கடந்திருந்தன.

ரேகாபியரின் விதியைக் கர்த்தர் எல்லார்மேலும் சுமத்தவில்லை. அவர்கள் வீடுகட்டவும் மறுத்தவர்கள். கர்த்தர் மெச்சியது அவர்களுடைய கீழ்ப்படிதலை. ஆயினும் நாம் கவனிக்கவேண்டியது இது: ஒரு தகப்பன் தன் வீட்டுக்கு வைத்த ஒரு சொல் 200 ஆண்டுகள் நின்றது. உங்கள் வீட்டில் நீங்கள் பதிக்கும் கிரானைட் அதில் பாதிக்காலமாவது நிற்குமா? உங்கள் பேரன் தன் நண்பனிடம் என்ன சொல்லவேண்டும் என்று விரும்புகிறீர்கள்? 'எங்கள் தாத்தா வேண்டாம் என்றார்' என்றா? 'இது எங்கள் தாத்தா வைத்தது' என்றா?

அந்த மூலையை என்ன செய்வது?

இன்னும் கட்டத் தொடங்காதவர்களுக்கு வேலை எளிது. வரைபடத்தில் அந்தச் சதுரத்தை அடித்துவிடுங்கள். விருந்தினரை உபசரிக்கவேண்டும் என்ற ஆசை நல்லது, அதை அடிக்கவேண்டாம். ஆபிரகாம் மம்ரேயின் சமபூமியில் வெயிலில் ஓடி உபசரித்தது தண்ணீர், அப்பம், வெண்ணெய், பால், இளங்கன்று. அந்தப் பந்தியில் எதுவும் குறைவுபடவில்லை. நான்கு பேர் அமர்ந்து பேச ஒரு மேசை, சூடான காப்பி, கோடையில் மோர், தாராளமான மனம் இவை உள்ள வீட்டை விருந்தினர் ஒருநாளும் மறப்பதில்லை.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களே, உங்களை வெட்கப்படுத்துவது என் நோக்கம் அல்ல. கிரானைட்டை இடிக்கவேண்டியதில்லை. புட்டிகளைக் கழிவுநீரில் கவிழ்த்துவிடுங்கள். 'வீணாக்க மனமில்லை' என்று நண்பனுக்குப் பரிசளிக்காதீர்கள். அவனுக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. அந்த அலமாரியில் புத்தகங்களை அடுக்குங்கள். அந்த விளக்கு அப்படியே எரியட்டும்.

குடியோடு மெய்யாகவே போராடிக்கொண்டிருக்கிற சகோதரனே, இந்தக் கடிந்துகொள்ளுதல் உனக்கானதல்ல. உனக்குச் சொல்வது வேறு. நீ தனியாக இல்லை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் உடல் நடுங்கும், வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஆகவே மருத்துவரிடம் போ. குடிநோய்க்கு மருத்துவம் தேடுவது அவிசுவாசம் அல்ல. ஏ.ஏ. கூட்டம் உன் ஊரிலோ அருகிலோ இருக்கும், தேடிப் போ. சபைக்கு வா, விழுந்த நாளிலும் வா. உன்னை உட்காரவைக்க இங்கே சில வீடுகளாவது சுவர் எழுப்பிக் காத்திருக்கவேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதப்பட்டது.

புது வீட்டின் வாசலில், யோசுவா தன் வீட்டாரையும் சேர்த்துச் செய்த உறுதிமொழியைப் பொறித்த பலகையைத் தொங்கவிட நாம் மறப்பதில்லை. அந்தப் பலகைக்கு உள்ளே பத்தடி தூரத்தில் இருப்பது அதைப் பொய்யாக்காதிருக்கட்டும்.

ஜெபம்: வீட்டைக் கட்டுகிற கர்த்தாவே, எங்கள் கட்டுமானங்களை ஆராய்ந்து பாரும். எங்கள் பலத்தை நம்பி விளிம்பைத் திறந்துவைத்த இடங்களை எங்களுக்குக் காட்டும். எங்கள் கூரையின்கீழ் வருகிற எவனும் எங்களால் விழாதபடி சுவர் எழுப்பும் அன்பை எங்களுக்குத் தாரும். விழுந்தவர்களை உமது கரம் தூக்கியெடுப்பதாக. இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.